கோட்டைச் சாவி ஊரார் கையில் இருக்கட்டும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்துகள் பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் கர்நாடகத்துக்குள் நுழைகின்றன. இது வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு அல்ல. மலைக்காட்டில் பிறந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்முனையில் காவிரியோடு சேரும் சிற்றாறு. மைசூர்ப் படைகள் கொங்கு நாட்டுக்குள் இறங்கிய வழிகளில் ஒன்று இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. திப்புவின் வீழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு, 1800-இல், மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானனும் கொள்ளேகாலம் பக்கமிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாகவே கீழே இறங்கினார். இன்று மலைக்குப் போகும் பக்தர்களும், கோடை விடுமுறைக்கு மைசூர் பார்க்கப் போகும் குடும்பங்களும் அதே மலையேறிப் போகிறார்கள்.

மைசூர் போகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விடுவதில்லை. ரங்கநாதரைச் சேவிக்கிறார்கள். தரியா தௌலத் அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள். ஹைதர் அலியும் திப்புவும் அடக்கமான கும்பஸுக்குப் போகிறார்கள். கர்னல் பெய்லியின் பாதாளச் சிறை, திப்புவின் உடல் கிடந்த இடம் என்று குதிரை வண்டிக்காரர் காட்டும் இடங்களில் எல்லாம் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரை நாளில் கோட்டை முடிந்துவிடுகிறது.

ஆனால் கோட்டையின் பெரும்பகுதியை அவர்கள் பார்ப்பதே இல்லை. ஏனென்றால் அது ஊர்.

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் தீவின் மேற்குமுனையில் எழுந்த இந்த மதிலுக்குள் வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். ஜும்மா மசூதியின் இரட்டை மினார்களிலிருந்து பாங்கு கேட்கிறது. பெங்களூர் – மைசூர் ரயில் கோட்டையை ஊடறுத்துக்கொண்டு ஓடுகிறது. தீவு முழுவதையும் சேர்த்தால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நகரம் இது. இத்தனை பேர் உள்ளே குடியிருக்கும் ஒரு கோட்டையை அந்த மக்களே நடத்தினால் என்ன என்ற கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும்.

மதிலுக்குள் ஒரு தலைநகரம்

ரங்கநாதர் கோயிலின் தொடக்கம் கங்கர் காலத்துக்குப் போகிறது. 1610-இல் ராஜ உடையார் இந்தத் தீவை விஜயநகரத்தின் பிரதிநிதியிடமிருந்து கைப்பற்றித் தலைநகரமாக்கினார். மைசூர் தசரா என்று உலகம் இன்று கொண்டாடும் விழா முதலில் நடந்தது இங்கேதான். 1799 மே 4 அன்று மேற்கு மதிலில் பீரங்கிகள் பிளந்த உடைப்பின் வழியே ஆங்கிலேயப் படை நுழைந்து, அந்த மாலைக்குள் திப்பு வீழ்ந்தபோது, 189 ஆண்டுத் தலைநகர வாழ்வும் முடிந்தது. அரசு மைசூருக்கு மாறியது. திப்புவின் லால் மகால் அரண்மனை இடிபட்டு இன்று அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காய்ச்சல் ஊரை வாட்டியது. மக்கள் தொகை மளமளவென்று சரிந்தது.

அப்படியும் ஊர் சாகவில்லை. பூசை செய்தவர்களும், தொழுதவர்களும், ஆற்றங்கரையில் பயிர் வைத்தவர்களும் இருந்தார்கள். தீவின் கிழக்குப் பக்கத்தில் கஞ்சாம் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஆள் சேர்க்கத் திப்பு சிரா நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார் என்று பழைய விவரச்சுவடிகள் சொல்கின்றன. அரசர் போனார், கொண்டுவந்து விடப்பட்டவர்களின் ஊர் நின்றது. ரதசப்தமியன்று ரங்கநாதர் தேர் இன்றும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஓடுகிறது. தசராவுக்கும் இந்த ஊரில் தனி விழா நடக்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத் தீவு நகரத்தின் சின்னங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பதிவின் பெயரிலேயே ‘தீவு நகரம்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் நிர்வாகத்தில் நகரத்துக்கு இடம் இல்லை. சில மதில்பகுதிகளும் சின்னங்களும் ஒரு துறையிடம், மற்ற மதில் இன்னொரு துறையிடம், கோயில் வேறொன்றிடம், தண்டவாளம் வேறொன்றிடம், சாக்கடையும் குப்பையும் நகரசபையிடம். மதிலின் விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்தால் அதை முதலில் பார்ப்பவர் எதிர்வீட்டுப் பெண்மணி. பிடுங்க அவருக்கு அனுமதி கிடையாது. அனுமதி உள்ளவர் வந்து பார்ப்பதற்குள் வேர் கல்லைப் பெயர்த்துவிடுகிறது.

கல்லையும் சுண்ணாம்பையும் அறிந்தவர்களுக்கு இது புரியும். பழைய மதிலுக்குப் பீரங்கியைவிடப் பெரிய பகை தண்ணீரும் வேரும்தான். மழைநீர் வடியும் தூம்பு அடைபட்டால் உள்மண் ஊறி வீங்கி வெளிக்கல்லைத் தள்ளும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு பிறகு வெளியே விட்டுவிடும். அவசரத்துக்குப் பூசும் சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். தூம்பைக் குத்திவிடுவதும், கன்றைப் பிஞ்சிலேயே பிடுங்குவதும், மழைக்கு முன் சாந்து பூசுவதும் பெரிய திட்டமோ டெண்டரோ தேவைப்படாத வேலைகள். அன்றாடம் பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை. பக்கத்தில் இருப்பவரை விலக்கிவைத்துவிட்டு, மதில் சரிந்த பிறகு கோடிக்கணக்கில் மதிப்பீடு போடுகிறோம்.

பெரிய வேலைக்குப் பணமும் துணிவும் நம்மிடம் இல்லாமலில்லை. 2017-இல் இரட்டை ரயில்பாதைக்கு இடம் வேண்டியிருந்தபோது, திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்றை இடிக்காமல், அடியோடு தூக்கி, நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்கள். இந்தியப் பொறியியலில் அது பாராட்டத்தக்க சாதனை. ஒரு கட்டடத்தையே பெயர்த்து நகர்த்த முடிந்த நாட்டில் ஒரு தெருக்காரருக்கு அரசங்கன்றைப் பிடுங்கும் பொறுப்பைக் கொடுக்க முடியவில்லை.

நூறு மீட்டர்

1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் ஒரு திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தடைப்பகுதியில் புதிதாகக் கட்டக் கூடாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் முன் அனுமதி வேண்டும்.

வயல்வெளியில் தனியாக நிற்கும் கோபுரத்துக்கு இந்தச் சட்டம் நல்ல வேலி. அடுக்குமாடிகள் வந்து மொய்க்காமல் தடுத்திருக்கிறது. சின்னங்கள் தெருவுக்குத் தெரு நிற்கும், மதிலே ஊரின் எல்லையாக இருக்கும் ஓர் ஊரில் இதே அளவுகோலை வைத்தால் என்ன ஆகும்? ஒரு சின்னத்தின் நூறு மீட்டர் அடுத்த சின்னத்தின் நூறு மீட்டரோடு முட்டிக்கொள்ளும். ஓட்டுக்கூரை ஒழுகினால் விண்ணப்பம். மகனுக்குக் கல்யாணம் ஆகி ஓர் அறை சேர்க்க வேண்டுமென்றால் வழியே இல்லை. பாட்டன் காலத்திலிருந்து வாழும் குடும்பம் சட்டத்தின் கண்ணில் மெல்ல மெல்ல ஆக்கிரமிப்பாளர் ஆகிறது.

அவர்கள் என்ன செய்வார்கள்? மகன் பெங்களூரில் வேலைக்குப் போவான். மகள் மைசூரில் வாழ்க்கைப்படுவாள். வயதானவர்கள் இருக்கும்வரை விளக்கு எரியும். பிறகு வீட்டுக்குப் பூட்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து இதுதான். இந்த ஆபத்து எந்த அறிக்கையிலும் ‘சேதம்’ என்று பதிவாகாது. கல் விழுந்தால் செய்தி. ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போனால் அது செய்தியே இல்லை.

காலி எப்படிக் காலியானது

அந்த ஆபத்து முற்றினால் எப்படியிருக்கும் என்பதைப் பார்க்க இலங்கையின் தென்மேற்குக் கரைக்குப் போக வேண்டும். காலி கோட்டையைப் போர்ச்சுக்கீசியர் தொடங்கினர். 1640-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெரிதாக்கினர். 1796-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடலேற்றத்தைக் கொண்டே கழிவுநீர்க் கால்வாய்களைக் கழுவிவிடும் ஏற்பாட்டை ஒல்லாந்தர் செய்துவைத்தார்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை காலி நகரத்தின் பேருந்து நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் புரட்டிப் போட்டபோது, இந்தப் பழைய மதில்கள்தான் உள்ளே இருந்த மக்களைக் காத்தன.

அந்த மக்கள் யார்? சிங்களக் குடும்பங்களும், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும். கலங்கரை விளக்கத்தின் எதிரே நிற்கும் பள்ளிவாசலும், அரபுக் கல்லூரியும், ஒல்லாந்தர் தேவாலயமும், பௌத்த விகாரையும் சில நிமிட நடைக்குள் அடங்கிவிடும். 1988-இல் யுனெஸ்கோ காலியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது இந்த வாழும் நகரத்துக்காகவும்தான்.

அறிவிப்பு வந்தது, சுற்றுலா வந்தது, விலை ஏறியது. 2000-களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவர் ஒல்லாந்தர் காலத்து வீடுகளை வாங்கத் தொடங்கினார்கள். தாழ்வாரத்தோடு கூடிய பழைய வீட்டுக்கு எந்தச் சம்பளக்காரரும் கனவு காண முடியாத தொகை கிடைத்தால் யார்தான் விற்கமாட்டார்கள்? விற்றவரைக் குறை சொல்ல முடியாது. வீடுகள் சொகுசு விடுதிகளாயின. மளிகைக் கடை நகைக் கடையானது. மதில் முன்பைவிட அழகாக இருக்கிறது, சுவர்களுக்கு நேர்த்தியான வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஆனால் மாலையில் மதில்மேல் பட்டம் விடும் பிள்ளைகள் பலர் இப்போது வெளியூரிலிருந்து வந்து திரும்பிப் போகும் பிள்ளைகள்.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் 1156-இல் எழுந்த கோட்டை, 99 கொத்தளங்களோடு, இன்றும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வாழும் கோட்டை. அங்கே மக்களே ஆபத்து என்று சொல்வோர் உண்டு. குடத்தில் நீர் சுமந்த ஊருக்குக் குழாய் வந்தது. விருந்தினர் விடுதிகள் பெருகின. வடியத் தெரியாத தண்ணீர் மென்மையான குன்றுக்குள் இறங்கிச் சுவர்களைச் சரித்தது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கான தீர்வு சரியான வடிகால்தானே தவிர, மக்களை வெளியேற்றுவது அல்ல. தண்ணீரைப் பயன்படுத்தியவர்களிடம் கோட்டையின் கணக்குவழக்கும் பொறுப்பும் இருந்திருந்தால், விடுதிகளின் எண்ணிக்கைக்கு அவர்களே வரம்பு கட்டியிருக்க வாய்ப்புண்டு.

செய்து காட்டியவர்கள்

ஊராரே கோட்டையைப் பார்த்துக்கொள்வது நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் ஹுன்சாவைப் பார்க்க வேண்டும். பாகிஸ்தானின் வடகோடியில், காரகோரம் மலைகளுக்கு நடுவே, கரீமாபாத் ஊருக்கு மேலே பால்தித் கோட்டை நிற்கிறது. ஏறத்தாழ 700 ஆண்டுப் பழமை. ஹுன்சாவின் ‘மீர்’ என்னும் அரசர்கள் 1945 வரை அதில் வாழ்ந்தார்கள். பிறகு கைவிடப்பட்டு இடியும் நிலைக்கு வந்தது. அரச குடும்பம் கோட்டையை உள்ளூர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை பணமும் வல்லுநர்களும் கொடுத்தது. ஆறு ஆண்டு வேலைக்குப் பின் 1996 செப்டம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2004-இல் யுனெஸ்கோவின் ஆசிய – பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் முதல் தரம் அதற்குக் கிடைத்தது.

அங்கே கவனிக்க வேண்டிய விஷயம் கோட்டையைத் தனியாகப் பழுதுபார்க்கவில்லை என்பது. கோட்டையடியில் இருக்கும் வீடுகளுக்குக் கழிவுநீர் வசதி செய்தார்கள். பழைய கல்வீட்டை விட்டுவிட்டுச் சாலையோரத்துக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் அங்கேயே தங்கும்படி அந்த வீடுகளைச் சீராக்க உதவினார்கள். உள்ளூர்த் தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் பழைய வேலைமுறையில் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து அல்தித் கோட்டைப் பணியில் பெண்கள் தச்சுவேலை கற்று வருமானம் பார்த்தார்கள். கோட்டைக்கு வருகிறவரை அழைத்துப் போய்க் காட்டுபவர் அந்த ஊர்க்காரர். கட்டணம் கோட்டையின் பராமரிப்புக்குப் போகிறது.

வேல்ஸ் நாட்டில் கார்டிகன் கோட்டை இன்னொரு சாட்சி. 1176-இல் ரைஸ் அப் கிரிஃபித் என்ற சிற்றரசர் கவிஞர்களையும் இசைஞர்களையும் கூட்டிப் போட்டி வைத்த கோட்டை அது. வேல்ஸ் மக்களின் ஐஸ்டெத்வட் விழாவுக்கு அதையே மூலம் என்கிறார்கள். பாழடைந்து கிடந்ததை 2003-இல் உள்ளாட்சி வாங்கியது. ஊர்மக்களின் அறக்கட்டளை ஒன்று நிதி திரட்டி, தன்னார்வலர்களைச் சேர்த்து, 2015-இல் திறந்தது. தோட்டவேலை முதல் வழிகாட்டுவதுவரை ஊரார் கை.

தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அது திப்புவின் கதையோடும் சேர்ந்தது. 1799-க்குப் பின் அவர் குடும்பத்தைக் கொண்டுபோய்க் காவலில் வைத்த இடம் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10 புரட்சி அங்கே வெடித்தது. அந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நூற்றாண்டுகளாகக் கருவறை வெறுமையாக இருந்தது. சத்துவாச்சாரியில் பாதுகாக்கப்பட்ட லிங்கத்தை 1981 மார்ச் 16 அன்று ஊர்மக்கள் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை ஊர் ஏற்கவில்லை. இன்று அங்கே நித்திய பூசை நடக்கிறது. அடைந்துகிடந்த கோயிலுக்கு விளக்கும் கூட்டமும் திரும்பி வந்தன. உள்ளூர் அமைப்பே நிர்வாகம் பார்க்கிறது. அதே கோட்டையில் மசூதியும் இருக்கிறது. அங்கே தொழ அனுமதி இல்லை என்ற குறை தீராமல் நிற்கிறது. ஊர் என்றால் யார் ஊர் என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லாத எந்த ஏற்பாடும் நிலைக்காது என்பதையும் வேலூர் சொல்லித்தருகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் போன்ற ஊரில், கோயிலும் மசூதியும் ஒரே மதிலுக்குள் நிற்கும் இடத்தில், இந்தப் பாடம் இரண்டு மடங்கு முக்கியம்.

கம்பெனிக்குத் தத்து, ஊருக்கு?

2017 செப்டம்பரில் மத்திய அரசு ‘மரபுச் சின்னத்தைத் தத்தெடுங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2023-இல் அது திருத்தி விரிவுபடுத்தப்பட்டது. குடிநீர், கழிப்பறை, விளக்கு, வழிகாட்டிப் பலகை போன்ற வசதிகளைத் தனியார் தங்கள் செலவில் செய்துகொடுக்கலாம். நல்ல காரியம்தான். வெளியூர்க் கம்பெனி ஒரு சின்னத்தைத் தத்தெடுக்க ஒப்பந்தப் படிவம் இருக்கிறதென்றால், அதன் நிழலில் பிறந்து வளர்ந்தவர்களின் கூட்டமைப்புக்கும் அதே மாதிரி ஒரு படிவம் இருக்க வேண்டாமா?

கேட்பது பெரிதில்லை. மதிலுக்குள்ளும் மதிலையொட்டியும் குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு கோட்டைக் குழு. அதில் கோயில் தெருவும் மசூதித் தெருவும், குதிரை வண்டிக்காரரும் ஆட்டோக்காரரும் இடம் பெறட்டும். பெண்கள் சரிபாதி இருக்கட்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் குழுவுக்கு. தூம்பு, கன்று, குப்பை, விளக்கு ஆகிய நான்கு அன்றாட வேலைகள் குழுவின் பொறுப்பு. கல்லைத் தொடும் பணி எதுவானாலும் வல்லுநர் மேற்பார்வை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர்களிடம் உள்ளூர் இளைஞர்கள் சம்பளத்தோடு தொழில் கற்க ஏற்பாடு. குடியிருக்கும் வீட்டின் கூரையை மாற்ற, வரைமுறைக்குள் ஓர் அறை சேர்க்க, மாதக்கணக்கில் காக்கவைக்காத அனுமதி. வீட்டை விற்பவர் முதலில் ஊருக்குள் இருப்பவருக்கு விலை சொல்லும் ஒழுங்கு. காலியில் இந்த ஒழுங்கு காலத்தில் வந்திருந்தால் பல குடும்பங்கள் இன்றும் உள்ளே இருந்திருக்கும்.

பணம் எங்கே என்று கேட்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில், நாட்டின் பெரிய சுற்றுலாப் பாதைகளில் ஒன்றின்மேல் இருக்கிறது. கூட்டத்துக்குக் குறைவில்லை. கூட்டம் செலவழிக்கும் பணம் ஊரில் தங்காமல் மைசூர் விடுதிகளுக்குத் திரும்பிப் போவதுதான் குறை. பயணி இரண்டு மணி நேரம் கூடுதலாக ஊருக்குள் நடந்தால், உள்ளூர்க்காரர் கதை சொல்லி அழைத்துப் போனால், அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு வேளை ராகி முத்தையும் சாம்பாரும் கிடைத்தால், அந்தக் குடும்பத்துக்குப் பெங்களூர் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும்.

ஓர் ஊர் காலியானால் என்ன மிஞ்சும் என்று பார்க்க, பாலாறு சேரும் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குத் திரும்பினாலே போதும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணைக்காகப் பல ஊர்கள் காலி செய்யப்பட்டன. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் படம் போடும். மக்கள் பரிசலில் போய்ப் பார்ப்பார்கள். அங்கே ஊர் போனது பாசனத்துக்காக, லட்சக்கணக்கான ஏக்கருக்காக. அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் காலியானால் சொல்வதற்கு எந்த நியாயமும் இருக்காது.

இந்தக் கோடையில் மைசூர் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு உடனே வண்டியேறிவிடாதீர்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு மதிலையொட்டிய தெருக்களில் நடந்து பாருங்கள், அந்தத் தெருக் கடையில் சாப்பிடுங்கள், பூட்டிய வீடுகள் எத்தனை என்று கேளுங்கள். திரும்பி வந்தபின், உங்கள் ஊரில் இருக்கும் கோட்டையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை உங்கள் கிராமசபையிலோ வார்டு கூட்டத்திலோ எழுத்து மூலம் பதிவு செய்யுங்கள்.